தீட்டு பாவமல்ல

யூதர்கள் உடம்பைக் கழுவினார்கள், இயேசு உள்ளத்தைக் கழுவச் சொன்னார்: கிறிஸ்தவப் பிரசங்கங்களில் அடிக்கடி காதில் விழும் ஒப்பீடு இது. பழைய ஏற்பாட்டு நூலான லேவியராகமத்தின் 11 முதல் 15 வரையுள்ள அதிகாரங்களைப் பொறுமையாகப் படித்தால் இது நிற்காது.

பிணத்தைத் தொட்டவருக்கு ஏழு நாள் தீட்டு என்கிறது எண்ணாகமம். பெற்ற தாயை அடக்கம் செய்வது கடமை, செய்தால் தீட்டு. கணவனும் மனைவியும் கூடினால் மாலைவரை தீட்டு. பிள்ளை பெற்றாலும் தீட்டு. இவற்றில் எது பாவம்? சாவும் பிறப்பும் உடலின் ஒழுக்கும் பட்டவர் கொஞ்ச காலம் ஆலயத்தை அண்டக்கூடாது, அவ்வளவே ஏற்பாடு. பிரசவித்தவள் பாவநிவாரண பலி கொடுத்தாளே என்று கேட்கலாம். அந்தப் பலி தூய்மைப்படுத்தியது ஆலயத்தைத்தான், அவளை அல்ல என்று வாதிட்டார் ஆய்வாளர் ஜேக்கப் மில்கிராம். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.

இந்த முறையின் பெரிய பலம், தீட்டுக்கு ஒரு முடிவு இருந்ததுதான். நாள் கணக்கு உண்டு, தண்ணீர் உண்டு, பொழுது சாய்ந்தால் தீர்ந்தது. முழுகுவதற்கு மனிதர் மொண்டு ஊற்றிய நீர் உதவாது. மழையோ ஊற்றோ தானாகச் சேர்ந்த நீர் வேண்டும். முதல் நூற்றாண்டு எருசலேமில் வசதியானவர்கள் வீட்டுக்கடியிலேயே பாறையைக் குடைந்து படிக்கட்டுக் குளம் வைத்திருந்தார்கள். கல் தீட்டுப்படாது என்பதால் கற்பாத்திரங்களும் பெருகின. நற்செய்தி சொல்லும் கானாவூர்க் கல்யாணத்தில் ஆறு கற்சாடிகள் நின்றதன் பின்னணி இதுவே.

குறைகளை மழுப்பவேண்டியதில்லை. தோல்நோயாளிக்கு நாள் கணக்கே கிடையாது. குணமாகும்வரை பாளயத்துக்கு வெளியே தனியாகக் கிடக்க வேண்டும். ஆண் குழந்தை பெற்றவளுக்கு 40 நாள், பெண் குழந்தைக்கு 80. ஏன் இரட்டிப்பு என்று லேவியராகமம் சொல்வதில்லை. கி.பி. 70இல் ஆலயம் அழிந்தபின் பெரும்பாலான தீட்டுச் சட்டங்கள் நடைமுறையிலிருந்து உதிர்ந்தன. மாதவிடாய்ச் சட்டம் தங்கிவிட்டது. ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக இருந்த சுமையில் மிஞ்சியது பெரிதும் பெண்ணின் தலையில் விழுந்தது.

இயேசு இதையெல்லாம் ஒழித்தாரா? மாற்கு 7இல் வரும் கைகழுவல் சச்சரவு முன்னோர் மரபைப் பற்றியது; சாப்பிடுமுன் எல்லோரும் கைகழுவ வேண்டும் என்று மோசேயின் சட்டநூலான தோராவில் இல்லை. அதே மாற்குவின் முதல் அதிகாரத்தில், குணமான தொழுநோயாளியை ஆசாரியனிடம் போய்க் காட்டி மோசே கட்டளையிட்ட காணிக்கையைச் செலுத்தச் சொல்கிறார். யூதருக்கும் அந்நியருக்கும் இடையிலான எல்லையை உடைத்தவர்கள் அவருக்குப் பின் வந்தவர்கள். யோப்பாவில் தரிசனம் கண்ட பேதுரு, ரோம நூற்றுவர் தலைவன் கொர்நேலியுவின் வீட்டுக்குள் நுழைந்தார். அந்நியரோடு ஒரே பந்தியில் உட்கார வழி பிறந்தது. கிறிஸ்தவத்தின் மறுக்கமுடியாத சாதனை இது.

ஆனால் தூய்மை முழுக்க உள்ளத்துக்கு இடம் மாறியதும் தீட்டும் பாவமும் ஒன்றாகிவிட்டன. தண்ணீரில் முழுகியவனுக்குத் தன் வேலை முடிந்தது தெரியும். மனச்சாட்சியைக் குடைபவனுக்கு எந்த மாலையில் முடியும்? உடல் தீட்டும் முழுதாகப் போய்விடவில்லை. மாதவிடாயின்போது தூய ஆவி பெண்ணைவிட்டு நீங்குவதில்லை என்று மூன்றாம் நூற்றாண்டுச் சிரியாவின் ‘டிடஸ்காலியா’ என்னும் நூல் வாதாட, அதே நூற்றாண்டில் அலெக்சாந்திரியா ஆயர் தியோனிசியுஸ் அத்தகைய பெண்கள் நற்கருணையை நெருங்கக்கூடாது என்றார்.

இதைவிடக் கொடியது பின்னால் வந்தது. 1449இல் டொலேடோ நகரம், ஞானஸ்நானம் பெற்ற யூத வம்சத்தார் பொதுப் பதவி வகிக்கக்கூடாது என்று ஆணையிட்டது. ஸ்பெயினில் இரத்தத் தூய்மைச் சட்டங்களின் தொடக்கம் அது. திருத்தந்தை ஐந்தாம் நிக்கோலஸ் அதே ஆண்டு கண்டித்தும், இவ்வகைச் சட்டங்கள் பல நூற்றாண்டுகள் நீடித்தன. எந்த நீராலும் கழுவ முடியாத, பேரன் பேத்திவரை தொடரும் அழுக்கு அது. லேவியராகமத்தின் தீட்டுகளில் ஒன்றுகூடப் பிள்ளைகளுக்குப் பரம்பரையாக இறங்கியதில்லை.