அவசியமற்ற வேதனை

கதை எழுதுகிறவன் சட்டத்தையும் வசனமாகவே படிப்பான். 1936-இல் அடையாற்றில் கலாக்ஷேத்திரத்தைத் தொடங்கிய ருக்மிணி தேவி, ராஜ்யசபையில் கொண்டுவந்த மசோதாவை ஒட்டிப் பிறந்தது 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம். நோய் தீர்க்கும் ஆராய்ச்சிக்கு மிருகங்களைப் பயன்படுத்துவது குற்றமல்ல என்கிறது அதன் 14-ஆம் பிரிவு. நியாயந்தான். குரங்கின் சிறுநீரகத் திசுவில் வளர்த்த கிருமியிலிருந்துதானே 1955-இல் இளம்பிள்ளை வாதத் தடுப்பூசி வந்தது!

17-ஆம் பிரிவோ, 'அவசியமற்ற வேதனை' கூடாது என்கிறது. எனக்கு இடறுவது அந்த அடைமொழி. எது அவசியம் என்று சொல்வது யார்? ஒரு கமிட்டி. சோதனைகளுக்குப் பதிவேடு வேண்டும் என்றும் அந்தப் பிரிவு சொல்கிறது. ஊரார் அதைப் படிக்கலாம் என்று சொல்லவில்லை.

படிக்காவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். வைத்தியத்துக்கு மட்டுமே என்று நிபந்தனை போட்டு நாம் அமெரிக்காவுக்கு அனுப்பிய குரங்குகளில் சில, ராணுவக் கதிர்வீச்சுச் சோதனைக்குப் போயின. சங்கதி வெளியே வந்த பிறகுதான், 1978-இல் மொரார்ஜி தேசாய் சர்க்கார் ஏற்றுமதியை நிறுத்தியது.

ஆராய்ச்சி நடக்கட்டும். பதிவேட்டின் சுருக்கத்தையாவது வருஷந்தோறும் எளிய தமிழில் அச்சிடட்டும். மயிலாப்பூரில் குழந்தைக்குச் சொட்டு மருந்து போட்டுக்கொண்டு வரும் தாய்க்கு அதைப் படிக்கும் பாத்தியதை உண்டு.