யந்திரம் சிரிக்கலாமா?

நாவலில் ஹாஸ்யம் எப்போது கெட்டுப்போகிறது என்று கேட்டால், எழுதிப் பழகியவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: இடமறியாமல் வரும்போது. கதாபாத்திரம் துக்கப்பட்டுக்கொண்டிருக்கும் சமயத்தில் ஆசிரியர் நடுவில் புகுந்து வாசகரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினால், அந்த நகைச்சுவை எவ்வளவு உயர்ந்ததானாலும் அருவருப்பாகத்தான் இருக்கும். நாள் முழுவதும் நாம் கையிலே வைத்துத் தடவிக்கொண்டிருக்கிற யந்திரங்களுக்கும் இந்த விதி பொருந்தும் என்பது என் கட்சி. கம்ப்யூட்டரும் கைபேசியும் வேலைக்கான சாமான்கள், அவற்றில் விளையாட்டு எதற்கு என்று முகத்தைச் சுளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். எதில் விளையாட்டைக் கண்டாலும் பேஷ் பேஷ் என்று கைதட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு கோஷ்டியோடும் எனக்கு உடன்பாடில்லை.

1983-ல் ஆப்பிள் கம்பெனியில் மாக்கின்டாஷ் என்ற கம்ப்யூட்டரை உருவாக்கிக்கொண்டிருந்தவர்கள், திரையில் வரும் சித்திரங்களைப் போட ஒரு பெண்மணியைச் சேர்த்துக்கொண்டார்கள். சூஸன் கேர் என்று பெயர். சிற்பி. அங்கே வேலையிலிருந்த பழைய பள்ளித் தோழர் ஒருவர் கூப்பிட்டபோது, ஏதோ ஒரு பொருட்காட்சிச் சாலைக்காக ஆளுயரக் காட்டுப்பன்றி ஒன்றைச் செய்துகொண்டிருந்தாராம். வந்த புதிதில் அவருக்குக் கிடைத்த ஆயுதம், கட்டம் போட்ட ஒரு நோட்டுப் புத்தகம். குறுக்கே 32, நெடுக்கே 32, ஆக 1,024 கட்டங்கள். ஒவ்வொன்றும் கறுப்பு, இல்லாவிட்டால் வெள்ளை. சாம்பல் நிறம்கூடக் கிடையாது. வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போடுகிற நம் பெண்களுக்கு இந்தக் கஷ்டமும் இதிலுள்ள ஆனந்தமும் சொல்லாமலே புரியும். அந்த யந்திரத்தின் ஒரு விசைக்காக அவர் தேர்ந்தெடுத்த சின்னம், ஸ்வீடன் தேசத்தில் பார்க்கத்தக்க இடங்களைக் காட்டும் பலகைகளில் இருப்பது. நடுவிலே ஒரு சதுரம், நான்கு மூலையிலும் வளையம். நம் ஊர்ப் பாட்டி யாராவது பார்த்தால், ஒற்றைப் புள்ளிச் சிக்குக் கோலம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாள்.

1984 ஜனவரியில் அந்த யந்திரம் வெளிவந்தது. விசையைத் தட்டியதும் திரையின் மத்தியில் குட்டிக் கம்ப்யூட்டர் ஒன்று தோன்றிப் புன்னகை செய்யும். சில விநாடிகள்தான், உடனே மறைந்துவிடும். இது வெறும் குறும்பு என்று நினைத்தால் தவறு. யந்திரம் தன் உறுப்புகளையெல்லாம் சோதித்துப் பார்த்துக்கொண்டது, எல்லாம் சௌக்கியம், இனி வேலையை ஆரம்பிக்கலாம் என்பது அந்தப் புன்னகையின் அர்த்தம். நாலு வரித் தகவலை ஒரு முகக்குறி சொல்லிவிடுகிறது. நல்ல உரையாடலில் ஒரு 'ம்' சொல்லுகிற மாதிரி.

அதே யந்திரம் வேலைக்கு நடுவே படுத்துவிட்டால் வேறொரு சித்திரம் வரும்: திரி எரிகிற உருண்டை வெடிகுண்டு. இதுவும் அந்த அம்மாள் போட்டதுதான். இது யார் கண்ணிலும் அடிக்கடி படப்போவதில்லை என்று பொறியாளர்கள் எண்ணியிருந்தார்கள். பட்டது, நிறையவே பட்டது. பாதி எழுதிய கட்டுரையைப் பறிகொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறவனுக்கு முன்னால் கேலிச்சித்திர வெடிகுண்டு! கோடு என்னவோ அழகான கோடுதான். ஆனால் அந்தச் சிரிப்பு, யந்திரத்தைச் செய்தவர்கள் தங்களுக்குள் சிரித்துக்கொண்ட சிரிப்பு. நஷ்டப்பட்டவனுக்கு அதில் பங்கில்லை. சூஸன் கேரின் கலையிடத்தில் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. அதனாலேயே இதைச் சொல்கிறேன்: புன்னகையும் வெடிகுண்டும் ஒரே கையிலிருந்து, ஒரே மாதிரிக் கட்டத்துக்குள் பிறந்தவை; ஒன்று நட்பு, மற்றது இங்கிதக் குறைவு.

1990-ல் விண்டோஸ் 3.0 உடன் வந்த சாலிடேர் சீட்டாட்டத்திலும் சீட்டுகளை வரைந்தவர் இவரே. அலுவலகங்களில் எத்தனை மதிய நேரத்தை அது விழுங்கியது என்று கணக்கெடுத்தால் மேலதிகாரிகளுக்கு நெஞ்சு வலிக்கும். ஆனால் மவுஸைப் பிடித்து ஒரு பொருளை இழுத்து இன்னோரிடத்தில் வைக்கிற வித்தை, வகுப்பு எதுவும் இல்லாமல் அந்த மதியங்களில்தான் பலருடைய கைக்குப் பழகியது. விளையாட்டு வாத்தியாராகவும் இருக்கலாம், பிரம்பு இல்லாமல்.

வாத்தியாராக வந்து தோற்ற கதையும் உண்டு. மைக்ரோஸாப்ட் கம்பெனியின் 'ஆபீஸ் 97' தொகுப்பில் காகிதங்களைச் சேர்த்துச் செருகும் கிளிப் ஒன்று, கண்ணும் புருவமுமாகத் திரையின் மூலையில் வந்து நின்றது. மனிதர்கள் கம்ப்யூட்டரிடமும் தங்களை அறியாமல் மனிதரிடம் போலவே நடந்துகொள்கிறார்கள் என்று ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் இரண்டு பேராசிரியர்கள் ஆராய்ந்து சொல்லியிருந்தார்கள். சரி, அப்படியானால் ஒரு முகத்தையே வைத்துவிடலாம் என்று தோன்றியிருக்கிறது. முகம் வந்தது, மரியாதை வரவில்லை. கடிதத்தின் முதல் வரியை அடித்தவுடன், கடிதம் எழுதுகிறாய் போலிருக்கிறதே, ஒத்தாசை செய்யட்டுமா என்று குதித்துக்கொண்டு வரும். வேண்டாம் என்று நேற்றுச் சொன்னது இன்றைக்கு அதற்கு நினைவிராது. எழுதுகிறவன் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிற உறவினரை எத்தனை நாள் சகிப்பது? 2001-ல் வந்த தொகுப்பில் அதை அடக்கி வைத்தார்கள். 2007-ல் அனுப்பியே விட்டார்கள். அந்த ஆராய்ச்சி பொய்யில்லை. மனிதரைப் போல நடத்தினார்கள், ஆகவே மனிதரைப் போலவே வெறுத்தார்கள்.

எனக்குப் பிடித்தது 2014-ல் கூகுளின் குரோம் என்ற உலாவியில் வந்த டைனோசர். இணைப்பு அறுந்துபோகும்போது தோன்றும். அறுந்துபோய்விட்டது, இன்னின்னதைச் சரிபார் என்ற தகவலும் திரையிலேயே இருக்கும். கூடவே சதுரம் சதுரமாகச் செய்த ஒரு பழங்காலப் பிராணி சும்மா நிற்கும். நாம் பாட்டுக்கு விட்டுவிட்டால் அதுவும் பாட்டுக்கு நிற்கும். விசையைத் தட்டினால் ஓட ஆரம்பிக்கும், கள்ளிச்செடிகளைத் தாண்டும். இணைப்பே இல்லாத ஆதிகாலத்துக்குப் போய்விட்டோம் என்பதுதான் இதிலுள்ள வேடிக்கை. வெடிகுண்டோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். இங்கேயும் தொல்லைதான், ஆனால் சிரிப்பு நம்மைப் பார்த்து இல்லை. யந்திரம் தன்னைப் பார்த்தே சிரித்துக்கொள்கிறது. ஆட்டம் சுமார் 1.7 கோடி ஆண்டுகள் ஓடும்படி அமைத்திருப்பதாக அதைச் செய்தவர்கள் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த இனம் பூமியில் வாழ்ந்த காலம் அவ்வளவாம். மாதத்துக்கு 27 கோடி ஆட்டம் என்று 2018-ல் அவர்கள் சொன்ன கணக்கில், ஆடியவர்கள் பெரும்பாலும் இந்தியா, பிரேஸில், மெக்ஸிகோ, இந்தோனேஷியா போன்று, இணைப்பு நம்பத் தகாததாகவோ விலை அதிகமாகவோ இருந்த தேசத்தார். இல்லாதவனுக்குப் போட்ட விளையாட்டு. ஆடி முடித்தால் பரிசு இல்லை, வாங்கச் சொல்லி நச்சரிப்பு இல்லை, நாளைக்கு வா என்ற அழைப்பும் இல்லை.

பரிசு என்று ஒன்று நுழைந்துவிட்டால் விஷயம் வேறாகிறது. அதே கூகுள் 2017-ல் நம் தேசத்தில் தேஜ் என்ற பெயரில் பணம் அனுப்பும் செயலியைக் கொண்டுவந்தது. மறு வருஷமே பெயர் மாறி கூகுள் பே ஆயிற்று. பணம் அனுப்பினால் திரையில் சுரண்டல் சீட்டு விழும். விரலால் தேய்த்தால் வண்ணத் துகள் உதிர்வது வாஸ்தவத்தில் அழகாகத்தான் இருக்கும். உள்ளே காசு இருக்கும், அல்லது அடுத்த முறை பார்க்கலாம் என்றிருக்கும். 2019 தீபாவளிக்கு இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அகல், பூ, ஜிமிக்கி, விளக்குக்கூண்டு, ரங்கோலி என்று ஐந்து முத்திரைகள். ஐந்தையும் சேர்த்தால் 251 ரூபாய். ரங்கோலி மட்டும் லேசில் அகப்படவில்லை. படித்தவர்கள், உத்தியோகஸ்தர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூட, உன்னிடம் ரங்கோலி இருக்கிறதா என்று நண்பர்களுக்குச் செய்தி அனுப்பிக் கெஞ்சினார்கள். சித்திரத்தில் குறையில்லை, சூஸன் கேர் போட்ட குப்பைத் தொட்டியைவிடப் பளபளப்பானதுதான். ஆனால் அது நாம் காத்திருக்கும் நேரத்துக்குத் துணையாக வரவில்லை. நாம் இன்னும் ஒரு தடவை காசை எடுப்பதற்காகக் காத்துக்கொண்டு நின்றது. நமக்குள் இருக்கிற குழந்தையைக் கூப்பிட்டு விளையாடுவது ஒன்று. அதன் கையைப் பிடித்துக் கடைக்கு அழைத்துப் போவது வேறொன்று. முதலாவதைச் செய்கிற தைரியம் இப்போதெல்லாம் கம்பெனிகளுக்குக் குறைந்து வருகிறது.

இத்தகைய பரிசுத் திட்டங்கள் பலவற்றின் நிபந்தனைகளில், பொடி எழுத்தில் ஒரு வரி வரும்: தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குப் பொருந்தாது. 1979-ல் இங்கே பரிசுத் திட்டங்களைத் தடை செய்து போட்ட சட்டம்தான் காரணம். வடக்கே இருக்கிறவனுக்குக் கிடைப்பது நமக்கு மட்டும் ஏன் இல்லை என்று என் நண்பர்கள் சிலர் மிகவும் குறைப்பட்டுக்கொண்டார்கள். எனக்கு ஒரு குறையும் இல்லை. மார்கழி விடியற்காலையில் மயிலாப்பூர் மாட வீதிகளைச் சுற்றி வந்தால் வேண்டிய மட்டும் கோலங்களைப் பார்த்துவிட்டு வரலாம். ஐந்தாவது எங்கே என்று யாரும் கேட்பதில்லை.