மகனுக்கு மெட்ரிக், மகளுக்கு அரசுப் பள்ளி

பள்ளிகளை வகை பிரிப்பது வெறும் நிர்வாகக் காரியம் என்றுதான் நினைக்கிறோம். அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, மெட்ரிகுலேஷன், சிபிஎஸ்இ: இந்தப் பட்டியலில் ஆண், பெண் என்ற சொல்லே இல்லை. ஆனால், ஒரே வீட்டில் பிறந்த அண்ணனும் தங்கையும் இருவேறு வகைப் பள்ளிகளுக்குப் போகிறார்களே, அந்தப் பிரிவினையைச் செய்தது எந்த அரசாணை?

நம் பள்ளிப் பெயர்கள் பலவும் பிரிட்டிஷ்காரர்கள் விட்டுப்போனவை. அவர்கள் நாட்டில் 'பப்ளிக் ஸ்கூல்' என்றால் கட்டணம் வாங்கும் தனியார் பள்ளி. 1440இல் தொடங்கிய ஈட்டன் அவற்றில் ஒன்று. இன்றும் அங்கே ஆண்பிள்ளைகள் மட்டும்தான். 1944 கல்விச் சட்டத்துக்குப் பிறகு, அரசு செலவில் நடந்த பள்ளிகளும் தரம் பிரிக்கப்பட்டன. பதினோரு வயதில் ஒரு தேர்வு. தேறினால் பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் கிராமர் பள்ளி. தேறாத பெரும்பாலோருக்கு செகண்டரி மாடர்ன் பள்ளி. அந்தத் தேர்வில் சிறுமிகள் சிறுவர்களைவிட நன்றாக எழுதினார்கள். உடனே பல இடங்களில் சிறுமிகளுக்கு மட்டும் தேர்ச்சி மதிப்பெண்ணை உயர்த்தினார்கள். பர்மிங்காமில் கிராமர் பள்ளி இடங்கள் சிறுவர்களுக்கு 540, சிறுமிகளுக்கு 360. இது பாகுபாடு என்று பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொல்ல 1989 ஆனது.

அங்கே அதிகாரிகள் செய்ததை இங்கே வீடு செய்கிறது. ஆந்திர எல்லையை ஒட்டிய ஆரம்பாக்கம் போன்ற ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட், மறுபக்கம் தடாவைத் தாண்டி ஸ்ரீசிட்டி. ஷிப்ட் சம்பளத்தில் ஓடும் குடும்பத்தால் ஒரு பிள்ளைக்குத்தான் ஃபீஸும் வேன் காசும் கட்ட முடியும் என்றால், அந்த ஒரு பிள்ளை யார்? கிராமப்புற இந்தியாவில் தனியார் பள்ளிக்குப் போகும் வாய்ப்பு ஆண்பிள்ளைகளுக்கே அதிகம் என்பதை ஏசர் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. 'இன்னொரு வீட்டுக்குப் போறவளுக்கு எதுக்கு அவ்வளவு செலவு?' இதுதான் நம் ஊரின் நுழைவுத் தேர்வு. அவள் எழுதாமலே முடிவு வந்துவிடுகிறது.

2010இல் சமச்சீர் கல்விச் சட்டம் வந்தது. மாநில வாரியம், மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நான்காகக் கிடந்த பாடத்திட்டம் ஒன்றானது. அண்ணனின் புத்தகமும் தங்கையின் புத்தகமும் ஒன்றாயின. பெரிய மாற்றம்தான். ஆனால், பல தனியார் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு நகர்ந்தன. பாடத்திட்டம் ஒன்றாவதால் மட்டும் வீட்டின் கணக்கு மாறிவிடாது.

மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலிருந்த திருமண உதவித் திட்டம் 2022இல் 'புதுமைப் பெண்' திட்டமாக மாறியது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவி உயர்கல்விக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய். தாலிக்குக் கொடுத்த தங்கம் படிப்புக்கான பணமானதை வரவேற்கத்தான் வேண்டும். ஆனால், இந்த உதவி அவளை எட்டுவது கல்லூரி வாசலில். எந்தப் பள்ளி என்ற முடிவு அதற்கு வெகு முன்பே, அவள் ஒன்றாம் வகுப்பில் சேரும்போதே எடுக்கப்பட்டுவிட்டது.

அரசுப் பள்ளியைக் குறைத்துப் பேசுவதல்ல இது. தகுதித் தேர்வில் வென்ற ஆசிரியர், இலவசப் புத்தகம், சைக்கிள், பஸ் பாஸ் எல்லாம் அங்கேதான். குற்றம் பள்ளியில் இல்லை. 'அவளுக்கு இது போதும்' என்ற நினைப்பில் இருக்கிறது. அதே நினைப்பு பதினொன்றாம் வகுப்பில் எந்த குரூப் என்பதையும், பன்னிரண்டு முடிந்ததும் கல்லூரியா கம்பெனி வேனா என்பதையும் தீர்மானிக்கிறது. தன் கையில் சம்பளம் வாங்குவது ஒரு பெண்ணுக்குச் சிறிய விடுதலையல்ல. ஆனால், அக்காவின் சம்பளம் தம்பியின் ஃபீஸாக மாறும் வீட்டில் அந்த விடுதலை யாருடையது?

ஒவ்வொரு ஆண்டும் பிளஸ் டூ முடிவு வந்ததும் 'மாணவிகளே அதிகத் தேர்ச்சி' என்று தலைப்புப் போடுகிறார்கள். நாமும் மகிழ்கிறோம். மகிழ்ச்சியோடு ஒரு கேள்வியையும் சேர்த்துக்கொள்வோம்: தேறியவளின் சகோதரன் எந்தப் பள்ளியில் படித்தான்? அரசுப் பள்ளி நல்ல பள்ளி என்று நாம் நம்பினால், மகனையும் அங்கே சேர்ப்போம். நம்பவில்லை என்றால், மகளை அங்கே அனுப்பியதற்கு அவளிடம் என்ன பதில் வைத்திருக்கிறோம்?