இணையச் செய்தியும் சுவடி வழியும்

ஒரு நூலுக்குப் பத்துச் சுவடிகள் கிடைப்பினும், ஒன்பது சுவடிகள் மற்றொன்றைப் பார்த்தே எழுதப்பெற்றனவாயின், பதிப்பாசிரியர்க்குக் கிடைத்த சான்று ஒன்றே. இணையவழிச் செய்திகளை மதிப்பிடுவோர் இதனைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். பல தளங்கள் கூறுதலையே மெய்ம்மைக்குச் சான்றாகக் கொள்கின்றனர். ஒற்றாடல் அதிகாரத்தில் வள்ளுவர், மூவர் சொல் ஒத்தல் வேண்டும் என்றதோடு அமையாது, ஒற்றரை ஒருவரையொருவர் அறியாவாறு ஆளவேண்டும் என்றதும் ஈண்டு நோக்கத்தக்கது.

2016 நவம்பரில் வெளிவந்த 2000 ரூபாய்த் தாளில் இருப்பிடம் காட்டும் நுண்சில்லு பொதிந்துள்ளது என்ற கூற்று இணையத்திலும் தொலைக்காட்சியிலும் பரவியது. உரைத்தார் பலர், கண்டார் இலர். அத்தாள் பற்றி நவம்பர் 8 அன்று ரிசர்வ் வங்கி விடுத்த அறிவிப்பே மூல ஏடு. பின்புறத்து மங்கள்யான் உருவம் வரை எடுத்துரைக்கும் அவ்வறிவிப்பில் சில்லு பற்றிய பேச்சே இல்லை. (பாடபேதம் ஆராயும் தமிழாசிரியர் சிலரும் இக்கூற்றை நம்பினர் என்பதை யாம் அறிவோம்.)

இனி, சார்பு வேறு, பொய்ம்மை வேறு. பரிமேலழகர் உரையில் வடநூற் சார்பு உண்டென்பர். அதுபற்றித் தமிழுலகம் அவ்வுரையை ஒதுக்கிவிடவில்லை. சார்பு இன்ன இடத்தது எனத் தெரிந்தமையின், அதனைக் கழித்து எஞ்சியதைக் கொள்கின்றோம். உடைமையாளர் யார், கட்சித் தொடர்பு யாது என்பன வெளிப்படையாயின் செய்தித் தளங்களையும் அவ்வாறே பயிலலாம். எழுதியவர் பெயரும் நாளும் இன்றி வெளியிட்டு, பிழை வெளிப்பட்டவிடத்துத் திருத்தமும் அறிவியாது செய்தியை நீக்கிவிடும் தளத்தையே யாம் அஞ்சுகின்றோம். அதன் நடை நடுநிலை போன்று தோன்றுமாயின் அச்சம் மிகுகின்றது.