உடை மாற்றும் அறை

பள்ளியில் கேலி. கேலியால் மன உளைச்சல். உளைச்சலில் கூடுதல் தீனி, குறைந்த தூக்கம். கடைசியில் எடை. அமெரிக்காவில் தன்பாலீர்ப்பும் இருபாலீர்ப்பும் கொண்ட பதின்பருவத்தினரிடையே உடல் பருமன் ஏன் கூடுதலாகத் தென்படுகிறது என்ற கேள்விக்குப் பொதுச் சுகாதார ஆய்வாளர்கள் முதலில் எடுத்து நீட்டும் விளக்கம் இதுதான். சிறுபான்மையினர் சுமக்கும் தனி மன அழுத்தம் பற்றி இலான் மேயர் 2003-இல் விரிவாக வகுத்த கோட்பாடு இதற்கு முதுகெலும்பு. கேட்டதும் தலையாட்டத் தோன்றுகிற விளக்கம்தான். ஆனால் சங்கிலியின் கண்ணிகள் எல்லாம் ஒரே இரும்பில் செய்யப்பட்டவை அல்ல.

முதல் கண்ணி உறுதியானது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் இரண்டாண்டுக்கு ஒருமுறை உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் நடத்தும் கணக்கெடுப்பின் தேசியப் படிவத்தில், பாலீர்ப்பு பற்றிய கேள்வி 2015-இல்தான் இடம்பெற்றது. அந்த ஆண்டில் பள்ளி வளாகத்தில் கேலிக்கும் மிரட்டலுக்கும் ஆளானதாகச் சொன்னவர்கள் எதிர்பாலீர்ப்பு மாணவர்களில் சுமார் 19 விழுக்காடு. தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு மாணவர்களில் 34 விழுக்காடு. இணையவழித் தொல்லையிலும் ஏறக்குறைய இதே இரட்டிப்பு. இதில் யாரும் சந்தேகப்பட இடமில்லை.

அடுத்த கண்ணியில்தான் துரு. ஒரு மாணவர் பருமனானவரா என்பதை அந்தக் கணக்கெடுப்பு எடை பார்த்துச் சொல்வதில்லை. உயரமும் எடையும் மாணவரே எழுதித் தருபவை, அதிலிருந்து பி.எம்.ஐ. (உடல் நிறைக் குறியீடு) கணக்கிட்டு, அந்த வயதுக்கும் பாலினத்துக்கும் உரிய அளவுப்பட்டியலில் 95-ஆம் சதமானத்தைத் தொட்டால் பருமன் என்று எழுதிக்கொள்கிறார்கள். பதின்வயதுப் பெண்கள் எடையைக் கொஞ்சம் குறைத்துச் சொல்வது தெரிந்த கதை. கேலி பற்றிய கேள்வியோ, கடந்த 12 மாதங்களில் நடந்ததா இல்லையா என்பதோடு நின்றுவிடுகிறது. ஒரு தடவை நடந்தாலும் ‘ஆம்’, தினமும் நடந்தாலும் ‘ஆம்’.

இதைவிடப் பெரிய சிக்கல், இரண்டு பதில்களும் ஒரே நாளில் ஒரே படிவத்தில் வருகின்றன என்பது. கேலி செய்ததால் குண்டானாரா, குண்டாக இருந்ததால் கேலி செய்தார்களா? (பருமனான பிள்ளை பட்டப்பெயர் வாங்காமல் பள்ளியைக் கடந்த ஊர் எது?) எடையை வைத்து நடக்கும் ஏளனத்தை நெடுங்காலமாக ஆராயும் ரெபெக்கா பூல், பால்சிறுபான்மை (தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு) இளையோர் பள்ளியில் மட்டுமல்ல, வீட்டிலும் அதற்கு ஆளாவதைக் காட்டியிருக்கிறார். அப்படியிருக்க, ‘கேலி’ என்ற ஒரே கட்டத்துக்குள் இரண்டு வெவ்வேறு கேலிகள் விழுகின்றன. எடையைச் சொல்லி நடந்த கேலியை எடைக்குக் காரணமாகக் காட்டினால் வாதம் தன் வாலையே கடிக்கும்.

திசை தெரிய வேண்டுமானால் ஆண்டுக்கணக்கில் பின்தொடர வேண்டும். பிரிட்டனில் அதைச் செய்தார்கள். 1958-இல் பிறந்தவர்களைத் தொடர்ந்த ஆய்வில், சிறுவயதில் அடிக்கடி கொடுமைக்கு ஆளான பெண்களில் 26 விழுக்காட்டினர் 45 வயதில் பருமனாக இருந்தார்கள், ஆளாகாதவர்களில் 19. 1994, 95-இல் பிறந்த இரட்டையர்களின் ஆய்வு இன்னும் கூர்மையானது: தொடர்ந்து கொடுமைக்கு உள்ளானவர்கள் 18 வயதில் எடை கூடியிருந்தார்கள், ஆனால் கொடுமை நடந்த காலத்தில் அவர்கள் மற்றவர்களைவிடப் பருமனாக இல்லை. ஆக, கேலி எடையை ஏற்ற முடியும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இவை பொதுவான பிள்ளைகளைப் பற்றிய முடிவுகள். இரு பிரிவினருக்கும் இடையிலான எடை வித்தியாசத்தைக் கேலிதான் உண்டாக்குகிறது என்பது வேறு கூற்று. அதற்குத் தனிச் சான்று தேவை.

அந்தச் சான்றைத் தேடிப் போனால் பையன்கள் வழிமறிக்கிறார்கள். செவிலியர்களின் பிள்ளைகளை 1996 முதல் தொடர்ந்த ஓர் அமெரிக்க ஆய்வின் தரவுகளை பிரின் ஆஸ்டின் குழுவினர் 2009-இல் வெளியிட்டார்கள். பால்சிறுபான்மைப் பெண்களின் பி.எம்.ஐ. எதிர்பாலீர்ப்புப் பெண்களைவிடத் தொடர்ந்து உயர்ந்தே இருந்தது. ஆண்களில் நேர்மாறு: பதின்பருவத்தின் கடைசியில் தன்பாலீர்ப்புப் பையன்கள்தான் மெலிந்தவர்கள். கேலியைக் குறைவில்லாமல் வாங்கியவர்கள் இவர்கள். எடை மட்டும் எதிர்த் திசையில் போகிறது. ஒரே அழுத்தம் ஒருவரைத் தின்ன வைக்கும், இன்னொருவரைப் பட்டினி போடும் என்று சமாதானம் சொல்லலாம். உண்மையாகவும் இருக்கலாம், அடங்காமல் உண்பதும் உண்டதை வாந்தியெடுத்து வெளியேற்றுவதும் இப்பிள்ளைகளிடம் கூடுதல் என்று அதே தரவுகள் காட்டுகின்றன. ஆனால் அந்தச் சமாதானத்தை ஏற்றால், பருமனை அளவுகோலாக வைப்பது தவறு என்பதையும் சேர்த்தே ஏற்க வேண்டும். வாந்தியெடுத்து மெலியும் பையன் அந்த அளவுகோலில் ஆரோக்கியமானவன்.

பள்ளிக்குப் பொறுப்பில்லை என்று சொல்லவரவில்லை. பொறுப்பு வேறிடத்தில் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. அதே செவிலியர் பிள்ளைகளை வைத்து 2014-இல் வெளியான ஆய்வு ஒன்று, பால்சிறுபான்மையினர் வாரத்துக்குச் சுமார் ஒன்று முதல் இரண்டரை மணி நேரம் வரை குறைவாக உடலியக்கம் கொண்டிருந்ததையும், குழு விளையாட்டுகளில் சேரும் வாய்ப்பு 46 முதல் 76 விழுக்காடு குறைந்திருந்ததையும் கண்டது. உடலியக்க இடைவெளியில் ஏறக்குறைய பாதியோ அதற்கு மேலோ இரண்டே காரணங்களில் அடங்கியது: ‘ஆண்பிள்ளை மாதிரி இல்லை, பெண்பிள்ளை மாதிரி இல்லை’ என்று பார்க்கப்படும் சிறுவயது நடையுடை; விளையாட்டு நமக்கு வராது என்ற எண்ணம். பால்சிறுபான்மை மாணவர்களுக்காக இயங்கும் கிளிசென் அமைப்பின் கணக்கெடுப்புகளில் மாணவர்கள் தவிர்ப்பதாகச் சொல்லும் இடங்களும் கழிப்பறை, உடை மாற்றும் அறை, உடற்பயிற்சி வகுப்பு. அது தானாக முன்வந்தவர்களின் கணக்கு, நாட்டின் சராசரி அல்ல. என்றாலும் இரண்டு சான்றுகளும் ஒரே கதவைக் காட்டுகின்றன. இப்படி விலகிப்போக யாரும் வாயைத் திறந்து கேலி செய்ய வேண்டியதில்லை. ஒரு பார்வை போதும், பிள்ளை மைதானத்துக்கு வராது.

இந்த விவாதத்தில் அடிபடும் ‘பள்ளிச் சூழல்’ என்ற சொல்லும் கொஞ்சம் சோதனைக்குரியது. மார்க் ஹாட்சன்ப்யூலர் 2011-இல் ஓரிகான் மாநிலத்தை வைத்து எழுதிய புகழ்பெற்ற ஆய்வு, ஆதரவற்ற சூழலில் பால்சிறுபான்மை மாணவர்களிடையே தற்கொலை முயற்சி 20 விழுக்காடு கூடுவதைக் காட்டியது. வலுவான ஆய்வு. ஆனால் அவர் அளந்த சூழலில் பள்ளி விதிகளோடு அந்த மாவட்டத்தின் ஜனநாயகக் கட்சி வாக்காளர் பதிவும் சேர்ந்திருந்தது. அது ஊரின் சூழல். தலைமையாசிரியர் சுற்றறிக்கை விட்டு மாற்றக்கூடியது அதில் ஒரு பங்குதான்.

ஆகவே என் தீர்ப்பு: பெண்களைப் பொறுத்தவரை எடை இடைவெளி உண்மை, கேலிக்கு அதில் பங்கு இருக்கக்கூடும், முதன்மைப் பங்கு என்பது நிறுவப்படவில்லை. ஆண்களைப் பொறுத்தவரை இந்த விளக்கம் தேறவில்லை. கேலியை நிறுத்தப் பருமனைச் சாக்காகக் கொள்வது ஆபத்தும்கூட. நாளைக்குக் கேலி குறைந்து எடை குறையாமல் போனால், திட்டம் தோற்றது என்று நிதியை வெட்ட ஒருவர் கிளம்புவார்.

வாரத்தில் எத்தனை நாள் உடற்பயிற்சி வகுப்புக்குப் போகிறாய் என்று அந்தத் தேசியப் படிவம் கேட்கிறது. போகாத நாளில் ஏன் போகவில்லை என்று கேட்பதில்லை.