25 கேள்விகளில் ஒரு குழந்தை

பிள்ளையின் நடத்தை பற்றிய கவலையோடு மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ தேடிப் போகும் பெற்றோரின் கையில் பல இடங்களில் முதலில் தரப்படுவது ஒரு படிவம். ஓரிடத்தில் உட்காருகிறானா, பொய் சொல்கிறானா, அடிக்கடி வயிற்றுவலி என்கிறானா என்று வரிசையாகக் கேள்விகள். எதிரே ‘இல்லை’, ‘ஓரளவு’, ‘ஆமாம்’ என மூன்று கட்டங்கள். சில நிமிடங்களில் நிரப்பிவிடலாம். கூட்டினால் ஓர் எண் வரும். அந்த எண்ணை வைத்து எவ்வளவு தூரம் போகலாம் என்பதுதான் கேள்வி.

இத்தகைய படிவங்கள் சிலவற்றைப் பார்ப்போம். அமெரிக்காவில் சி. கீத் கானர்ஸ், பிள்ளைகளைப் பற்றி ஆசிரியர்கள் நிரப்பும் மதிப்பீட்டு அளவுகோலை 1969-இல் வெளியிட்டார். மருந்து கொடுக்கப்பட்ட பிள்ளைகளிடம் வகுப்பில் மாற்றம் தெரிகிறதா என்று பார்ப்பதே அப்போதைய தேவை. வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஆக்கன்பாக் உருவாக்கிய பெற்றோர் படிவத்தில் நூறுக்கும் மேற்பட்ட வரிகள் உண்டு. கடந்த ஆறு மாத நடத்தையை நினைத்து ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண் போட வேண்டும். லண்டனில் ராபர்ட் குட்மன் 1997-இல் 25 கேள்விகள் கொண்ட சிறு படிவத்தைக் கொண்டுவந்தார். செலவின்றிக் கிடைப்பதால் உலகெங்கும் பரவியது, தமிழிலும் இருக்கிறது.

இந்தப் படிவங்கள் செய்த பெரிய நன்மையை முதலில் சொல்ல வேண்டும். ஆக்கன்பாக் 1960களிலேயே பிள்ளைகளின் பிரச்சினைகளைப் புள்ளியியல் முறையில் பகுத்துப் பார்த்தபோது அவை இரண்டு பெரும் கொத்துகளாகச் சேர்ந்தன. அடிதடி, எதிர்த்துப் பேசுதல், பொருட்களை உடைத்தல் என்று வெளியே தெறிப்பவை ஒரு கொத்து. பயம், சோர்வு, ஒதுங்கியிருத்தல் என்று உள்ளுக்குள் புழுங்குபவை இன்னொன்று. முதல் வகைப் பிள்ளையைப் பற்றித் தலைமையாசிரியர் அறை வரை புகார் போகும். இரண்டாம் வகைப் பிள்ளையால் யாருக்கும் தொந்தரவில்லை. ‘அமைதியான பொண்ணு’ என்ற நற்பெயரோடு கடைசி பெஞ்சில் வருடக்கணக்கில் வாடிக்கொண்டிருக்கும். எல்லாப் பிள்ளைகளைப் பற்றியும் ஒரே கேள்விகளைக் கேட்கும் படிவம், ஆசிரியர் தானாகக் கேட்டிருக்காத கேள்வியை அந்தப் பெண்ணைப் பற்றியும் கேட்கவைக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே இந்த முறையை நான் ஆதரிப்பேன்.

சிகிச்சைக்கு முன்னும் பின்னும் நிரப்பி ஒப்பிடலாம் என்பது அடுத்த பயன். ஆனால் எந்தச் சிகிச்சையும் இல்லாமலே இரண்டாம் முறை நிரப்பும்போது மதிப்பெண் சற்றுக் குறைவது வழக்கம். சிறு இறக்கத்தை வெற்றியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

சிக்கல், நிரப்புகிறவரிடம் தொடங்குகிறது. ஆக்கன்பாக்கும் அவருடைய சகாக்களும் 1987-இல் 119 ஆய்வுகளைத் திரட்டி, ஒரே பிள்ளையைப் பற்றி வெவ்வேறு ஆட்கள் தந்த மதிப்பீடுகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று கணக்கிட்டார்கள். தாய், தந்தை போல ஒரே இடத்தில் பிள்ளையைப் பார்ப்பவர்களுக்கு இடையே ஒட்டுறவு சராசரியாக 0.60. பெற்றோர், ஆசிரியர் என வெவ்வேறு இடங்களில் பிள்ளையைப் பார்ப்பவர்களுக்கு இடையே 0.28. பிள்ளை தன்னைப் பற்றிச் சொல்வதற்கும் மற்றவர்கள் சொல்வதற்கும் இடையே 0.22. ஒன்று என்றால் முழு ஒற்றுமை, சுழியம் என்றால் தொடர்பே இல்லை. 

ஒற்றுமை இவ்வளவு குறைவாக இருப்பதைக் கண்டு படிவமே பயனற்றது என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. பெற்றோர் தந்த மதிப்பெண்ணையும் ஆசிரியர் தந்த மதிப்பெண்ணையும் கூட்டி இரண்டால் வகுத்துவிடுபவர்களும் உண்டு. இரண்டும் தவறு என்பது என் கருத்து. வீட்டில் அடங்கியிருக்கும் பையன் பள்ளியில் மட்டும் ஆட்டம் போடுகிறான் என்றால், அந்த வேறுபாடுதான் நமக்குக் கிடைத்த முதல் உருப்படியான செய்தி. அவனுக்குக் கரும்பலகை தெரிகிறதா, எழுத்துக்கூட்டிப் படிக்க வருகிறதா, யாராவது சீண்டுகிறார்களா என்று பள்ளிக்குள் தேட வேண்டும். சராசரி எடுத்த அந்த நொடியில் இந்தத் தடயம் அழிந்துவிடுகிறது.

அளப்பவரின் எதிர்பார்ப்பும் எண்ணுக்குள் புகுந்துவிடும். இதற்கு நான் அறிந்த வலுவான சான்று, ஜான் வைஸும் சகாக்களும் தாய்லாந்திலும் அமெரிக்காவிலும் நடத்தி 1995-இல் வெளியிட்ட ஆய்வு. ஆசிரியர்கள் நிரப்பிய படிவங்களின்படி தாய்லாந்துப் பிள்ளைகளிடமே பிரச்சினைகள் அதிகம். பயிற்சி பெற்ற பார்வையாளர்கள் வகுப்பறையில் உட்கார்ந்து நேரில் குறித்தபோது கணக்கு தலைகீழானது: அமெரிக்கப் பிள்ளைகளிடம்தான் பிரச்சினை நடத்தை ஏறத்தாழ இரு மடங்கு. கட்டுப்பாட்டைப் பெரிதாக மதிக்கும் ஆசிரியருக்குச் சிறு சலசலப்பும் ‘அடிக்கடி’ ஆகிவிடுகிறது என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். அந்த ஆசிரியர் நம் ஊர் ஆசிரியருக்கு வெகு தூரத்தில் இல்லை.

குட்மனின் படிவத்தில் இரண்டு வரிகளைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். பெரியவர் சொன்னதைக் கேட்டு நடக்கும் பிள்ளையா என்பது ஒன்று. ‘இல்லை’ என்று குறித்தால் நடத்தைப் பிரச்சினைக் கணக்கில் இரண்டு மதிப்பெண் ஏறும். ஏன் என்று கேட்கும் பிள்ளையையும் முரடனையும் இந்த ஒரு வரியால் பிரிக்க முடியாது. மற்றொன்று, சம வயதுப் பிள்ளைகளைவிடப் பெரியவர்களோடு நன்றாகப் பழகுகிறதா என்பது. ‘ஆமாம்’ என்றால் சகாக்களோடு பழகுவதில் சிக்கல் என்று கணக்கில் சேரும். அம்மா வேலைக்குப் போக, ஆத்தா அப்பத்தாவின் மடியில் வளர்ந்து, திண்ணைப் பெரியவர்களோடு கதை பேசும் பிள்ளைக்கும் இதே மதிப்பெண்தான். மொழிபெயர்ப்பு எவ்வளவு சரியாக இருந்தாலும் கேள்விக்குள் இருக்கும் வாழ்க்கை முறை மாறிவிடாது. சண்டிகரில் சவிதா மல்ஹோத்ராவும் சகாக்களும் 1988-இல் ஆக்கன்பாக்கின் படிவத்தை அடியொற்றி இந்தியப் பிள்ளைகளுக்கென ஓர் அளவுகோலைச் செய்ததை இதனால்தான் முக்கியமாகக் கருதுகிறேன்.

எந்த மதிப்பெண்ணைத் தாண்டினால் கோளாறு இருக்கலாம் என்று கொள்வது என்ற எல்லைக்கோடு விஷயத்துக்கு வருவோம். பிரிட்டனில் 5 முதல் 15 வயது வரையிலான ஏறத்தாழ 8,000 பிள்ளைகளிடம் குட்மன் குழு படிவத்தைச் சோதித்து 2000-இல் முடிவை வெளியிட்டது. பெற்றோர், ஆசிரியர், வளர்ந்த பிள்ளைகள் என்று பலரும் நிரப்பிய நிலையில்கூட, மனநலக் கோளாறு உள்ளவர்களில் 63 சதவீதத்தினரையே அது கண்டுபிடித்தது. கோளாறு இல்லாதவர்களில் ஏறத்தாழ 95 சதவீதத்தினரைச் சரியாக ஒதுக்கியது. ஆயிரம் பிள்ளைகளில் நூறு பேருக்குக் கோளாறு இருப்பதாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், 63 பேர் பிடிபடுவார்கள், 37 பேர் தப்பிவிடுவார்கள். ஒன்றும் இல்லாத ஐம்பது பேர் அளவுக்குப் பட்டியலில் ஏறிவிடுவார்கள். முதல் கட்டத் தேடலுக்கு இது நல்ல கருவிதான். ஆனால் ‘உங்கள் பையனுக்கு ஏ.டி.எச்.டி.’ (கவனக்குறைவு, மிகைச் செயல்பாட்டுக் கோளாறு) என்று சொல்ல இந்த எண் மட்டும் போதாது. பட்டியலில் இல்லாத பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று கைவிரிக்கவும் போதாது. 

அதே படிவத்துக்கு ஒரு தொடர்ச்சி உண்டு. இந்தப் பிரச்சினையால் பிள்ளை வேதனைப்படுகிறதா, படிப்பும் நட்பும் கெடுகின்றனவா, எவ்வளவு காலமாக என்று கேட்கும் பகுதி அது. எனக்கு முதல் பக்கத்தைவிட அதுதான் முக்கியம். அதை விட்டுவிட்டு 25 கேள்விகளை மட்டும் நகலெடுத்துக் கொடுப்பது பாதி வேலை.

பள்ளியிலிருந்து இப்படியொரு படிவமோ அதன் மதிப்பெண்ணோ உங்கள் கைக்கு வந்தால், பெற்றோராகச் சில கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். வேறு யார் யார் நிரப்பினார்கள்? அவர்களுக்குள் எங்கே கருத்து வேறுபட்டது? கண், காது சோதித்தாயிற்றா? பிள்ளையிடம் யாராவது நேரில் உட்கார்ந்து பேசினார்களா? இவற்றுக்குப் பதில் கிடைக்கும்வரை பிள்ளையை வேறு வகுப்புக்கு மாற்றவோ, வேறு பள்ளி பார்க்கவோ, மருந்து தொடங்கவோ சம்மதிக்காதீர்கள். மதிப்பெண் அதிகம் என்றால் தகுதியான மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ காட்டுவதையும் தள்ளிப்போடாதீர்கள்.