வழிகாட்டியின் நான்கு லீரா

சில வருஷங்களுக்கு முன் வேறொரு சிறுபத்திரிகையில் ஹெமிங்வேயின் 'அவுட் ஆஃப் ஸீஸன்' கதையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். சொல்லாமல் விடுவதில் உள்ள பலம் என்பதுதான் அதன் விஷயம். இரண்டு மூன்று நண்பர்கள் பாராட்டிக் கடிதம் போட்டார்கள். அந்தக் கட்டுரையில் பாதியை இப்போது நான் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆசிரியர் பின்னால் சொன்ன விளக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் கதையைப் படித்தேன். கதையை மட்டும் வைத்துக்கொண்டு படித்திருக்க வேண்டும்.

கதை 1923இல் பாரிஸில் வெளியான 'த்ரீ ஸ்டோரீஸ் அண்ட் டென் போயம்ஸ்' என்ற சிறு புத்தகத்தில் வந்தது. வட இத்தாலியில் கோர்ட்டினா என்ற மலை ஊர். பெடூட்ஸி என்ற கிழவன் ஹோட்டல் தோட்டத்தைக் கொத்தி நான்கு லீரா சம்பாதிக்கிறான். அதைக் குடித்துத் தீர்த்துவிட்டு, அந்த ஹோட்டலில் தங்கியிருக்கும் இளைஞன் ஒருவனை ட்ரௌட் மீன் பிடிக்க அழைத்துப் போகிறான். மீன் பிடிக்கத் தடை உள்ள பருவம். இளைஞனின் மனைவியும் விருப்பமில்லாமல் கூட வருகிறாள். மதியம் இருவருக்கும் ஏதோ சண்டை. மூவரும் ஊர் வீதி வழியே போகிறார்கள். எதிர்ப்படுகிறவர்களுக்கெல்லாம் பெடூட்ஸி தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்கிறான். பதிலுக்குத் தொப்பியை எடுப்பவன் ஊர்ப் பிச்சைக்காரன் ஒருவன்தான். பாசிஸ்டுகளின் காப்பிக்கடை வாசலில் நின்று ஒரு வங்கி குமாஸ்தா கிழவனை வெறித்துப் பார்க்கிறான். கிழவன் பேசுவது இரண்டு வட்டார வழக்குகளின் கலவை. தம்பதிகளுக்குப் பாதி புரிவதில்லை. மனைவி நடுவழியில் திரும்பிவிடுகிறாள். ஆற்றுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான், தூண்டில் நூலை நீரில் அமிழ்த்தும் ஈயக்குண்டு இருவரிடமும் இல்லை என்று தெரிகிறது. மீன் பிடிக்கவில்லை. இளைஞனுக்கு உள்ளூர நிம்மதி. நாளைக்கு வரலாம் என்று பேச்சு. நாளைச் செலவுக்கென்று கிழவன் ஐந்து லீரா கேட்கிறான். இளைஞன் நான்கு கொடுக்கிறான். நாளை அநேகமாக வரமாட்டேன், ஹோட்டல் ஆபீஸில் முதலாளியிடம் சொல்லி வைக்கிறேன் என்கிறான். அவ்வளவுதான் கதை.

என் பழைய கட்டுரைக்கு ஆதாரமாக இருந்தது 'எ மூவபிள் ஃபீஸ்ட்'. ஹெமிங்வே இறந்து மூன்று வருஷம் கழித்து, 1964இல் வெளிவந்த நூல். கதையின் உண்மையான முடிவைத் தாம் விட்டுவிட்டதாக அதில் சொல்கிறார்: கிழவன் தூக்குப்போட்டுக் கொண்டான். விடுகிறோம் என்று தெரிந்து விட்டால் எதை வேண்டுமானாலும் விடலாம், விட்டது கதைக்குப் பலம் சேர்க்கும் என்பது அப்போது அவர் கண்டடைந்த கோட்பாடு. நம் வட்டத்தில் இது வேதவாக்காகிவிட்டது. யாராவது கதையில் எதையாவது சொல்லாமல் விட்டிருந்தால் உடனே ஹெமிங்வேயை இழுக்கிறோம். நானும் இழுத்தேன்.

பிறகுதான் அவருடைய கடிதத் தொகுப்பைப் படித்தேன். 1981இல் வெளிவந்தது. 1925 கடைசியில் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு எழுதிய கடிதம் ஒன்றில் இந்தக் கதை வருகிறது. மீன் கிடைக்காத அந்தப் பயணத்திலிருந்து திரும்பிய கையோடு கதையை டைப் அடித்துவிட்டதாக எழுதுகிறார். அந்தக் குடிகார வழிகாட்டியைப் பற்றி ஹோட்டல் முதலாளியிடம் தாம் புகார் செய்ததாகவும், முதலாளி அவனை வேலையிலிருந்து நீக்கியதாகவும், அவனுக்கு அந்த ஊரில் இருந்த கடைசி வேலை அதுவாகையால் அவன் லாயத்தில் தூக்குப்போட்டுக் கொண்டதாகவும் எழுதுகிறார்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திரும்பிய கையோடு எழுதிய கதையில், அதற்குப் பிறகு நடந்த சாவை எப்படித் 'தெரிந்து' விட முடியும்? ஆராய்ச்சியாளர்கள் இந்தக் கேள்வியை ஏற்கனவே எழுப்பியிருக்கிறார்கள். கடிதத்தில் சொல்வதே முழு உண்மையா என்ற சந்தேகமும் உண்டு. என்னை உறுத்துவது வேறு. கடிதத்தில் புகார் இருக்கிறது. புத்தகத்தில் சாவு மட்டும் இருக்கிறது. கிழவனின் மரணத்தை விட்டது தம் கலை என்று சொன்னவர், தம்முடைய புகாரை விட்டதைச் சொல்லவில்லை.

ஒரு வழிகாட்டி மீது புகார் என்றால் எவ்வளவு கனம் என்று தெரிய, அந்தத் தொழில் என்ன என்று தெரிய வேண்டும். நான் தூண்டில் பிடித்தவனில்லை. மிஷிகன் மாநிலத்தில் வேலை பார்க்கும் நண்பன் ஒருவன், ஒரு அக்டோபரில் மஸ்கீகன் ஆற்றில் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டு மீன் பிடித்ததைப் பற்றி நீண்ட கடிதம் எழுதியிருந்தான். இலையுதிர்காலத்தில் அந்த ஆறு சந்தைத் தெருபோல் ஆகிவிடுகிறது. பசிபிக் கடலோரத்திலிருந்து 1960களில் கொண்டுவந்து விட்ட சால்மன் மீன்களின் சந்ததி, மிஷிகன் ஏரியிலிருந்து ஆற்றில் எதிரேறி வருகின்றன. குரோட்டன் அணை வரையில்தான் அவற்றால் வர முடியும். அணைக்குக் கீழே சரளைக்கல் படுகைகளில் முட்டையிட்டுச் சாகின்றன. நழுவி வரும் முட்டைகளைத் தின்ன ட்ரௌட் பின்னால் காத்திருக்கிறது. வேகம் குறைந்த பகுதிகளில் பாஸ் மீன்கள் பனிக்காலத்துக்கு முன் வயிற்றை நிரப்பிக்கொள்கின்றன. இவை அத்தனைக்கும் பின்னால் மனிதர்கள். விடிவதற்கு முன்பே படகுத்துறையில் வண்டிகள் வரிசையில் நிற்கின்றன.

இந்தக் கூட்டத்தில் வழிகாட்டி துடுப்புப் போடுகிறார். படகைக் கீழ்நோக்கி ஓடவிடாமல் எதிர்த்துத் துடுப்புப் போட்டு நிதானத்தில் வைத்திருப்பதுதான் வேலை. கரையோரம் நின்று பிடிப்பவனின் நீரைக் கலக்காமல் அவன் முதுகுப்பக்கமாகப் படகைக் கொண்டுபோக வேண்டும். அதோ அந்த மரக்கட்டைக்கு இடப்பக்கம் எறியுங்கள் என்கிறார். சிக்கிய நூலைப் பிரிக்கிறார். மீன் மாட்டினால் வலையில் ஏந்துகிறார், முள்ளைக் கழற்றுகிறார், கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள் என்று சொல்லித் தருகிறார். பழுப்பு ட்ரௌட் சினையிடுவதும் அந்தப் பருவத்தில்தான். பெண்மீன் வாலால் அடித்துக் கூழாங்கல்லைச் சுத்தம் செய்த இடம் வெளிறித் தெரியும். அங்கே காலை வைக்காதீர்கள் என்று தடுப்பதும் அவர்தான். மீன் இருக்கும் இடத்துக்குக் கூட்டிப் போவது பாதி வேலை. மீன் இருந்தும் கூட்டிப் போகக் கூடாத இடங்களை அறிந்திருப்பது மறுபாதி. அன்று முழுவதும் அவர் தூண்டிலைத் தமக்கென்று பிடிப்பதில்லை. நண்பன் மீனோடு நிற்கும் போட்டோவை அனுப்பியிருந்தான். அதில் வழிகாட்டி இல்லை. போட்டோ எடுத்தவர் அவர்தான்.

இந்த அளவுகோலில் பெடூட்ஸி மோசமான வழிகாட்டி. கூட்டிப் போகக் கூடாத பருவத்தில் கூட்டிப் போகிறான், ஈயம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளவில்லை, குடித்திருக்கிறான். புகார் நியாயம் என்று எவரும் சொல்லலாம். ஆனால் கதையைத் திரும்பப் படித்தபோது என் கண் வேறிடத்தில் நின்றது. நானும் வங்கி குமாஸ்தா. காப்பிக்கடை வாசலில் நிற்கிறவனின் ஜாதி. காலையில் வந்த தொகையும் மாலையில் போன தொகையும் ஒன்றாக இருந்தால் பேனா தானாக நிற்கும். கதையின் முதல் வாக்கியத்தில் நான்கு லீரா வருகிறது. கடைசியில் இளைஞன் கொடுப்பதும் நான்கு லீரா. தோட்டம் கொத்தியதற்கு ஹோட்டல் கொடுத்த கூலியும், வழிகாட்டியாக வருஷம் முழுக்க வாழலாம் என்று அவன் மாலையில் கண்ட கனவுக்குக் கிடைத்த விலையும் ஒன்றே. முதல் நான்கு லீரா எப்படிச் செலவானது என்று நமக்குத் தெரியும். இரண்டாவது எப்படிச் செலவாகும் என்பதைக் கதை சொல்ல வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு அந்தக் கடைசிப் பேச்சு. ஹோட்டல் ஆபீஸில் முதலாளியிடம் சொல்லி வைக்கிறேன். என் பழைய கட்டுரையில் இதை நாசூக்கான மறுப்பு என்று எழுதி நகர்ந்துவிட்டேன். இப்போது படித்தால் கதவு சாத்துகிற சத்தம் கேட்கிறது. கிழவனோடு இனி நேரில் பேசமாட்டான். அவனுக்குக் கூலி கொடுக்கிறவனிடம் பேசுவான். புகார் கதைக்குள்ளேயே இருக்கிறது. நாற்பது வருஷம் கழித்துக் கோட்பாடு எதை மறைத்ததோ, அதை 1923இல் கதை திறந்து வைத்திருக்கிறது. அதாவது, கதை அறிந்ததை அதன் ஆசிரியர் பிற்பாடு மறந்துவிட்டார், அல்லது மறக்க விரும்பினார். தம் ஆற்றுக்கே அவர் மோசமான வழிகாட்டி. அவர் கைகாட்டிய இடத்தில் நான் தூண்டில் போட்டேன்.

'பிக் டூ ஹார்ட்டட் ரிவர்' (1925) இதைத் தொட்டுப் படிக்க வேண்டிய கதை. அதில் வழிகாட்டி கிடையாது. நிக் தனியே போகிறான். 1919இல் ஹெமிங்வே இரண்டு நண்பர்களோடு போனது ஃபாக்ஸ் ஆறு. கதையில் நண்பர்கள் போய்விட்டார்கள், ஆற்றின் பெயரும் மாறிவிட்டது. நிக் மீனைத் தொடுமுன் கையை நனைத்துக்கொள்கிறான். உலர்ந்த கை பட்டால் மீனின் மேற்பூச்சு போய் அங்கே பூஞ்சை பிடிக்கும் என்று அவனுக்குத் தெரியும். முன்னும் பின்னும் ஆட்கள் நிறைந்த ஆறுகளில், வெண்பூஞ்சை படர்ந்து செத்துக் கிடந்த ட்ரௌட்களைப் பார்த்திருக்கிறான். கூட்டம் நிறைந்த ஆறு சில வரிகளில் நினைவாக வந்து போய்விடுகிறது. இங்கே விட்டவை விடத் தக்கவை. பெயரை மாற்றியதால் ஆறு காப்பாற்றப்பட்டது. நண்பர்களை நீக்கியதால் நிக்கின் தனிமை துலங்கியது. யாருடைய கணக்கிலும் பாக்கி விழவில்லை.

பாக்கியை மறைக்காத இன்னொருவரைச் சொல்ல வேண்டும். நார்மன் மக்லீன் 'எ ரிவர் ரன்ஸ் த்ரூ இட்' புத்தகத்தை எழுபது தாண்டி, 1976இல் வெளியிட்டார். மாண்டானாவில் பிளாக்ஃபுட் ஆறு, பாதிரியாரான தந்தை, தூண்டில் வீச்சில் மேதையான தம்பி பால். அழகான வாக்கியங்களுக்காக அதைக் கொண்டாடுகிறார்கள். 1992இல் ராபர்ட் ரெட்ஃபோர்ட் படமாக எடுத்த பிறகு மாண்டானா ஆறுகளுக்குக் கூட்டம் பெருகியது. படத்தின் பெரும்பகுதியை எடுத்தது பிளாக்ஃபுட்டில் அல்ல, காலடின் ஆற்றில். அந்தக் கூட்டம் மறந்துபோவது, அந்தக் கதையில் ஒரு வழிகாட்டி வேலை இருக்கிறது என்பதை. மனைவி வீட்டாரின் வற்புறுத்தலால் அண்ணனும் தம்பியும் மைத்துனன் நீலை மீன் பிடிக்கக் கூட்டிப் போகிறார்கள். அவன் காப்பி டப்பாவில் புழுவோடு வருகிறான். ஆற்றில் ஒளித்து வைத்த பீரைக் குடித்துவிட்டு, ஒரு பெண்ணோடு வெயிலில் அம்மணமாய்த் தூங்கி உடம்பெல்லாம் வெந்துபோகிறான். சிரிக்க வைக்கிற பகுதிதான். ஆனால் புத்தகத்தின் கேள்வி அங்கேதான் தொடங்குகிறது. கூடப் பிறந்தவனையும் கூட வந்தவனையும் கரை சேர்க்க நமக்குத் தெரியுமா? நீலுக்குத் தெரியவில்லை, பாலுக்கும் தெரியவில்லை. பால் அடித்துக் கொல்லப்படுகிறான். நிஜத்தில் அது 1938இல் சிகாகோவில் நடந்தது. புத்தகத்தில் மாண்டானாவுக்கு வந்துவிட்டது. மக்லீனும் மாற்றுகிறார், விடுகிறார். தம்மால் உதவ முடியாமல் போனதை மட்டும் விடவில்லை. அதைப் பற்றித் தந்தையும் மகனும் பேசும் இடங்கள்தான் புத்தகத்தின் முதுகெலும்பு.

ஆகவே என் பழைய கட்டுரையில் நான் கேட்காத கேள்வியை இப்போது கேட்கிறேன். எதை விட்டார் என்று மட்டும் கேட்டால் போதாது. விட்டதால் யார் தப்பித்தார் என்றும் கேட்க வேண்டும். நம் பத்திரிகைகளில் வரும் நல்ல கதைகளிலேயே ஆபீஸ் பியூன், வேலைக்காரி, ரிக்ஷாக்காரர் வருகிறார்கள், துன்பப்படுகிறார்கள், போய்விடுகிறார்கள். பார்த்துக்கொண்டிருக்கிறவன் நுட்பமானவன். அவன் மானேஜரிடம் என்ன சொன்னான் என்பது கதையில் இருப்பதில்லை. அதை அடக்கம் என்று நாம் பாராட்டுகிறோம். எனக்கு நினைவுள்ளவரை இப்படிப்பட்ட நான்கைந்து கதைகளை நானே பாராட்டியிருக்கிறேன். அவற்றைத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

பெடூட்ஸி தொப்பியைத் தொட்டது எனக்கும்தான். நான் வாசலில் நின்று வெறித்துக்கொண்டிருந்தேன்.